பின்கை

உக்காருங்க தம்பி. காத்து இன்னும் எழும்பல. கச்சான் காத்து, அதான் இந்த மேக்காத்து, காலையில தூங்குமூஞ்சி, உச்சிப்பொழுதுக்குத்தான் சோம்பல் முறிக்கும். அதுக்கு முன்னாடி பாயைத் தூக்கிக்கிட்டுத் தண்ணியில இறங்குனீங்கன்னா முதுகு வெந்ததுதான் மிச்சம். கோச் மேடம் வர இன்னும் நேரம் கிடக்கு. டீ சொல்லவா?

குதிக்கக் கத்துக்கணும்னு வந்திருக்கீங்களா? பாய்மரம் கட்டுன போர்டுல நிக்கத் தெரியும், திருப்பத் தெரியும், வேகமாப் போகத் தெரியும், குதிக்க மட்டும் வரல. அப்படித்தானே? எல்லாரும் அதத்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. மெட்ராஸ்லேர்ந்து வர்றாங்க, ஐதராபாத்லேர்ந்து வர்றாங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கூன் விழுந்தவன்லாம் வந்து அலை மேல ஏறி ஆகாசத்துல நிக்கணும்கிறான். தண்ணி மேல போறதுக்குத்தான் தம்பி பாயி. தண்ணிய விட்டு மேல போறதுக்கா பாயி கண்டுபிடிச்சாங்க? நான் சொன்னா யாரு கேக்குறா.

என் பேரு நம்புராஜன். இந்தக் கிளப்புல மீட்புப் படகு ஓட்டுறேன். நீங்க விழுந்து எந்திரிக்க முடியாமக் கிடந்தா இஞ்சினப் போட்டு வந்து தூக்கிட்டு வர்ற ஆளு நான்தான். வாசல்ல பேனர்ல போட்டோ பாத்திருப்பீங்களே, அலைக்கு மேல போர்டோட தொங்குறாளே, கோச் முனீஸ்வரின்னு. அது என் சம்சாரம்.

பாத்தீங்களா, உடனே நிமிந்து உக்காருறீங்க. எல்லாரும் அப்படித்தான் உக்காருவாங்க. "நீங்க குடுத்து வச்சவருண்ணே"ம்பாங்க. நான் பொறாமைக்காரன் இல்ல தம்பி, அத முதல்லயே சொல்லிடுறேன். பொண்டாட்டி பேரு வாங்குனா புருசனுக்குப் பெருமைதானே? பெருமைதான். ஆனா என்ன நடந்துச்சுன்னு ஒருத்தன்கூடக் கேட்டதில்ல. நீங்க கேக்குறீங்க, சொல்றேன். கேக்கலையா? பரவாயில்ல, காத்து வர நேரம் இருக்குல்ல.

இந்தத் தென்கடல்ல பாய் கட்டி ஓட்டுனதுல எங்க வீட்டு ஆளுகளுக்கு மிஞ்சி யாரும் கிடையாது. காத்து திரும்பப் போகுதுன்னா எனக்குக் காது மடல்ல தெரியும். கிளப்ப நடத்துற அஷ்வத் சார் பெங்களூர்லேர்ந்து வந்து இங்க குடிசை போட்டப்ப, அவருக்கு எங்க பாறை இருக்கு எங்க நீரோட்டம் இருக்குன்னு காட்டுனது நான். போர்டு ஓட்டப் பழகுறதுக்கு எனக்கு ஒரு காலைப்பொழுதுதான் ஆச்சு. ஏறி நின்னேன், போனேன், திரும்பி வந்தேன். சாரு வாயப் பொளந்துட்டாரு. "நம்பு, நீதான் இங்க கோச்சு"ன்னாரு. அது அவரு சொன்ன சொல்லு. அவரே இப்ப மறந்துட்டாரு.

ஆனா கோச்சுன்னு பேரு போடணும்னா பரீட்சை வைப்பாங்களாம். பரீட்சையில குதிக்கணுமாம். குதிக்கிறதுன்னா சும்மா இல்ல. அலை எழும்பி வருதுல்ல, அதோட முன்சரிவுல வேகமா ஏறணும். உச்சிக்கு வந்த உடனே பின்காலால ஒரு எத்து. ரெண்டு காலும் போர்டுல இருக்கிற வாருக்குள்ள மாட்டியிருக்கும், அதோட சேத்து மடக்கி வயித்துக்கிட்ட கொண்டாரணும். அதே நேரத்துல பின்கை, பாயோட கம்பைப் பிடிச்சிருக்கிற பின்பக்கத்துக் கை, அத நெஞ்சுக்கு இழுக்கணும். இழுத்தா பாயில காத்து நிக்கும், பறவை மாதிரி தூக்கிட்டுப் போகும். கைய விட்டா காத்து கொட்டிப் போயிரும், போர்டு கல்லாட்டம் விழும், நீங்க அது மேல விழுவீங்க. அவ்வளவுதான் குதிக்கிறது. பாருங்க, எவ்வளவு சுளுவாச் சொல்லிட்டேன். சொல்றதுக்கு நான் இன்னைக்கும் கோச்சுதான்.

எனக்கு வரல.

வரலன்னா, வராம இல்ல. வந்திருக்கும். முதல்ல பாயி சரியில்ல. பழைய பாயி, காத்தடிச்சா உப்புறதுக்குப் பதிலா உதறும். அப்புறம் போர்டு மாத்துனாங்க, அது எடை கூட. அப்புறம் கால்வாரு என் காலுக்குச் சின்னது. அப்புறம் சுத்தி நின்னு ஆளுக பாத்துக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் வரும்? ஆனி மாசம் பூரா அலையில ஏறுவேன், உச்சிக்குப் போவேன், தொபுக்கடீர்னு விழுவேன். நாடியில அடி, விலாவுல அடி. கரையில மீன் பிரிக்கிற பொம்பளைக, "நம்பு, கடல் அங்கயேதான் இருக்கு, எதுக்கு மேல தேடுற"ன்னு சிரிப்பாளுக. நான் கண்டுக்கல.

அப்ப என் சம்சாரம் இந்தக் கிளப்புல சமையல் பாத்தா. சமையல் முடிஞ்சதும் பாய்களை நல்ல தண்ணியில அலசிக் காயப்போடணும், அதுவும் அவ வேலை. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பொண்ணு. கரிமூட்டம் போடுறவங்க வீடு. கருவேல மரத்தை வெட்டி, கட்டாக் கட்டித் தலையில தூக்கிட்டு வரணும், அதுதான் சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு வேலை. எறால் கம்பெனிக்கு வேலைக்கு வந்த இடத்துல பாத்து நான்தான் ஆசைப்பட்டுக் கட்டுனேன். கடலையே அப்பத்தான் பாக்குறா. நீச்சல் தெரியாது. நான் சொல்லிக்குடுத்தேன். இந்தா, இந்த இடத்துலதான், கழுத்துத் தண்ணியில, தாடைக்குக் கீழ கையக் குடுத்து மிதக்க வச்சேன். "விட்டுறாதீங்க, விட்டுறாதீங்க"ன்னு கத்துவா. நான் விட்டதில்ல. இத யாரும் பேனர்ல போடல பாருங்க.

ஒருநாள் நான் விழுந்து எந்திரிச்சு கரைக்கு வந்து உக்காந்திருக்கேன். விலாவுல தைலம் தேச்சுக்கிட்டே சொல்றா, "ஏங்க, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? உச்சிக்குப் போனதும் நீங்க பின்கைய விடுறீங்க."

நான் விடுறேனாம். காத்தப் பத்தி எனக்குச் சொல்றா, கருவேலங்காட்டுல பொறந்தவ.

"காத்து புடுங்குதுடி"ன்னேன்.

"புடுங்கலைங்க. நான் கரையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். விரலு தானா விரியுது. உங்க அண்ணன நினைச்சா விரியுது"ங்கிறா.

எங்க அண்ணன் கதைய உங்களுக்குச் சொல்லணும். சேதுராசுன்னு பேரு. வத்தைங்கிற சின்னத் தோணியில பாய் கட்டிப் போற காலம். எங்க ஆளுககிட்ட ஒரு வழக்கம் உண்டு தம்பி. பாய்க்கயிறை எங்கயும் கட்டிப்போடக் கூடாது. என்ன ஆனாலும் ஒருத்தன் கையிலதான் இருக்கணும். சோறு தின்னாலும் ஒரு கையில கயிறு, ஒரு கையில சோறு. ஏன்னா குபீர்னு காத்து அடிச்சா அந்த நிமிசமே கயிற விட்டுறணும். விட்டா பாயி படபடன்னு அடிச்சுக்கும், வத்தை நிமிந்துக்கும். விடலைன்னா கவுந்துரும். எங்கப்பா என்னைத் தூக்கத்துல எழுப்பி "காத்து!"ன்னு கத்துவாரு, நான் கண்ணத் தொறக்குறதுக்கு முன்னாடி கைய விரிக்கணும். அப்படிப் பழகுன கை இது. எங்கண்ணன் ஒரே ஒருநாள், கையில முள்ளு குத்தி வீங்கியிருந்துச்சுன்னு கயிற முளையில சுத்திட்டான். காத்து அடிச்சுச்சு. வத்தை கவுந்துச்சு. நான் மேல வந்தேன், அவன் பாய்க்கு அடியில மாட்டிக்கிட்டான். இருவது வயசு. நான் அவன் சட்டையப் பிடிச்சுத்தான் இழுத்தேன். சட்டை மட்டும் வந்துச்சு.

இத நான் கல்யாணம் ஆன புதுசுல அவகிட்டச் சொன்னேன். அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். அத எடுத்து என் முகத்துக்கு நேரா நீட்டுறா பாருங்க, விரலு விரியுதுன்னு. நான் தைலத்தைத் தட்டி விட்டுட்டுப் போயிட்டேன். கோவம்லாம் இல்ல. தைலம் எரிஞ்சுச்சு.

இதோட விட்டாளா? நேரா அஷ்வத் சார்கிட்டப் போயி, "சார், அவரு அண்ணன் கடல்ல போனதுலேர்ந்து கை அப்படி ஆயிருச்சு, கொஞ்சம் பொறுத்துக்கங்க, அடுத்த கச்சான் சீசனுக்குக் கண்டிப்பா வந்துரும்"னு சொல்லியிருக்கா. எனக்காகப் பேசுனாளாம். சாரு என்னைக் கூப்பிட்டு, தோள்ல கையப் போட்டு, "நம்பு, அவசரமே இல்ல"ங்கிறாரு. ஒரு நோயாளியப் பாக்குற மாதிரி பாக்குறாரு. என் அண்ணன் சாவு இந்தக் கிளப்பு அடுப்படியில பேச்சாயிருச்சு. இதுக்கு மேல ஒரு பொம்பளை ஒரு ஆம்பளைக்கு என்ன செய்யணும், சொல்லுங்க?

டீ ஆறுது, குடிங்க.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு நடந்துக்கிட்டிருந்துச்சு, எனக்குத் தெரியல. பாய அலசப் போறவ, அலசுன பாயப் போர்டுல மாட்டி, கரையோரமா ஏறி நின்னு பழகியிருக்கா. மத்தியானம் நான் சாப்பிட்டுக் கண்ணசருற நேரத்துல. சாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. பின்னாடி கேட்டதுக்கு, "உங்களுக்கு எப்படிச் சொல்லிக்குடுக்கலாம்னு பாக்கத்தான் ஏறுனேன்"ங்கிறா. எனக்குச் சொல்லிக்குடுக்கவாம். சிரிப்பா வரல?

கோவாவுலேர்ந்து பரீட்சைக்காரரு வந்தாரு. அன்னைக்கு நல்ல கச்சான். கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்கு. சொந்தக்காரங்க, மீன் பிரிக்கிற பொம்பளைக, எல்லாரும் கரையில. நான் போனேன். ஏறுனேன், விழுந்தேன். திரும்பப் போனேன், விழுந்தேன். பரீட்சைக்காரரு நல்ல மனுசன், இன்னொரு வாட்டி போகச் சொன்னாரு. மூணாவது வாட்டி அருமையான அலை தம்பி, வீட்டுக்கூரை உசரம். ஏறிட்டேன். உச்சியில ஒரு நொடி போர்டுக்கு அடியில தண்ணி இல்ல, எனக்கே தெரிஞ்சுச்சு. அப்பப் பாத்துக் காத்து குபீர்னு அடிச்சுருச்சு. காத்து அடிச்சா நான் என்ன செய்ய?

கரைக்கு நீந்தி வந்தேன். சாரு பரீட்சைக்காரர்கிட்ட இங்கிலீசுல என்னமோ சொல்றாரு. அப்புறம் முனீஸ்வரியக் கூப்பிடுறாரு. அவ சமையக்கட்டுலேர்ந்து முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு வர்றா. "வேணாம் சார்"ங்கிறா. சாரு கட்டாயப்படுத்துறாரு. "அவருக்கு அடுத்த வருசம் வச்சுக்கங்க சார், நான் வேணாம்"ங்கிறா. எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. அவளும் என்னையப் பாக்குறா.

நான் "போயேன்"னேன்.

எப்படிச் சொல்லியிருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு புருசன் அந்த எடத்துல, அந்தக் குரல்ல போயேன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு பத்து வருசம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? போயிட்டா. சேலைய அவுத்து வச்சுட்டு, சாரோட பழைய டீசர்ட்டும் பேண்ட்டும் போட்டுக்கிட்டுப் போயிட்டா.

குதிச்சா தம்பி. முதல் அலையிலேயே. கருவேலங்கட்டு தூக்குனவ கை அது. முள்ளுக்கட்டுல கயிறு தளந்தா முள்ளு கழுத்துல குத்தும், அதனால ஆட்டம் கண்டா இன்னும் இறுக்கத்தான் தெரியும் அந்தக் கைக்கு. காத்து அடிக்க அடிக்க இழுத்தா. காலை மடக்கிக்கிட்டு மேலயே நின்னா. கீழ வரவே மாட்டாளோன்னு இருந்துச்சு எனக்கு. அப்புறம் போர்டு வால் முதல்ல தண்ணியில படுற மாதிரி, பஞ்சு மாதிரி இறங்குனா. கரையில ஒரே சத்தம். மீன் பிரிக்கிற பொம்பளைக கூடையத் தட்டிக் கொலவை போடுறாளுக. நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. அத மாதிரி நான் எதையும் பாத்ததில்ல. அன்னைக்கு அத வேற யாராவது செஞ்சிருந்தா நானும் கை தட்டியிருப்பேன்.

கரைக்கு வந்ததும் ஓடி வந்தா எங்கிட்ட. மூச்சு வாங்குது, சிரிக்கிறா, அழுகுறா. "வந்துருச்சுங்க"ங்கிறா. எனக்குப் படகுல தண்ணி இறைக்கிற வேலை இருந்துச்சு, போயிட்டேன்.

அன்னைலேர்ந்து வீட்டுல பேச்சு இல்ல. சண்டையெல்லாம் கிடையாது. சோறு வைப்பா, தின்பேன். அவ கோச்சு, நான் படகு. தண்ணிக்குள்ள மட்டும் விசில்ல பேச்சு. ஒரு ஊதல்னா அந்தப் பக்கம் போ, ரெண்டு ஊதல்னா ஆளைத் தூக்கு. அதுவும் கிளப்பு விதி, நாங்களா வச்சுக்கிட்டது இல்ல. ஆரம்பத்துல அவ ஏதேதோ பேசிப் பாத்தா, நான் பிடி குடுக்கல. அப்புறம் அவளும் நிறுத்திட்டா. அவளுக்குத்தான் தலைக்கனம் ஏறிப்போச்சே.

இந்த வருசக் கச்சான் தொடங்கி ரெண்டாவது வாரம். வந்திருந்த ஆளுகளுக்குக் குதிச்சுக் காட்டப் போனா. நான் வழக்கம் போலப் படகுல. மேல போனவ சரியாத்தான் போனா, இறங்குறப்ப குறுக்க ஒரு அலை வந்து போர்டப் பொரட்டிருச்சு. கால் வாருக்குள்ள மாட்டிக்கிச்சு. பாயி மேல விழுந்து மூடிருச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் காணோம். அப்புறம் பாய் ஓரத்துல தலை தெரிஞ்சுச்சு. ரெண்டு ஊதல். அப்புறம் திரும்ப ரெண்டு ஊதல், தண்ணி போன விசில்ல ஊதுனா எப்படி இருக்கும், அந்த மாதிரி. திரும்ப உள்ள போயிட்டா.

கேட்டுச்சு தம்பி, கேக்காம என்ன. இஞ்சின் கயிறு என் கையிலதான் இருந்துச்சு. எல்லாம் தெரிஞ்சவதானே, வந்துருவான்னு நினைச்சேன். இல்ல, அப்படிக்கூட நினைக்கல. என்ன நினைச்சேன்னு கேட்டா ஒண்ணுமே நினைக்கல, பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள கேரளாக்காரப் பையன் ஒருத்தன், உங்கள மாதிரி பழக வந்தவன், போர்டுல படுத்துக் கையால துடுப்புப் போட்டுப் போயிட்டான். அவன்தான் வாரை அவுத்தான். அவன் போறதப் பாத்தப்புறம் நானும் போனேன். கரைக்கு நான்தான் கொண்டாந்தேன், அது என் படகுலதான் நடந்துச்சு. குப்புறப் போட்டதும் கடலக் கக்குனா.

சாரு வந்து நிக்கிறாரு. முகமெல்லாம் வெளுத்திருக்கு. "நம்பு, ஏன் லேட்டு?"ன்னு கேக்குறாரு. நான் வாயத் தொறக்குறேன். சொல்லத்தான் தொறந்தேன், என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. அதுக்குள்ள மணல்ல கிடக்குறவ சொல்றா, இருமிக்கிட்டே, "இஞ்சின் எடுக்கல சார். அவரு இழுத்து இழுத்துப் பாத்தாரு. நான் பாத்தேன்."

பாத்தாளாம். பாய்க்கு அடியில கிடந்தவ பாத்தாளாம்.

அன்னைக்குச் சாயந்தரம் வீட்டுல, சோத்தை வச்சுட்டு என் பக்கம் திரும்பாமச் சொல்றா, "காலையில எல்லாரும் பாக்குற மாதிரி இஞ்சினைக் கழட்டி மாட்டிருங்க. இல்லைன்னா சாரு வேற ஆளைப் போட்டுருவாரு." அவ்வளவுதான். ஒரு வருசம் கழிச்சு வீட்டுக்குள்ள அவ வாயிலேர்ந்து வந்த வார்த்தை. நான் தின்னுட்டுக் கை கழுவுனேன்.

நல்லா இருக்கிற இஞ்சினப் பிரிச்சுப் பாத்திருக்கீங்களா? ஒவ்வொரு சாமானா எடுத்துச் சாக்குல பரப்பி, தொடச்சு, ஊதி, அந்தந்த இடத்துலேயே திரும்ப வைக்கணும். ஒரு காலைப்பொழுது பூரா, நடுக்கரையில உக்காந்து செஞ்சேன். மாட்டி முடிச்சு ஒரு இழுப்பு, உடனே எடுத்துச்சு. சாரு முதுகுல தட்டுறாரு, "நம்பு கை வச்சா சரியாயிரும்"னு. அவ அந்தப் பக்கம் பசங்களுக்குப் பாய் கட்டிக் குடுத்துக்கிட்டிருந்தா. தலையத் தூக்கிப் பாக்கக்கூட இல்ல. எனக்காகப் பொய் சொல்லி, என்னைய எல்லார் முன்னாடியும் நாடகம் ஆட வச்சுட்டு, அவ பாட்டுக்கு முடிச்சுப் போடுறா. இந்த அவமானத்துக்கு நான் எங்க போய்ச் சொல்றது?

அதுலேர்ந்து அவ குதிக்கிறதில்ல தம்பி. இப்ப வருவா, உங்களுக்கு இடுப்புத் தண்ணியில நின்னு சொல்லித் தருவா, நல்லாவே சொல்லித் தருவா. குதிச்சுக் காட்டுங்க மேடம்னு கேட்டீங்கன்னா முழங்கால் வலின்னுவா. எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றா. சாரு அவளை ராமநாதபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டப் போறேங்கிறாரு. முழங்காலுக்கு ஒண்ணுமில்ல. தண்ணிக் குடத்தத் தூக்கிக்கிட்டு மேடு ஏறுறா, நான் பாக்குறேன்ல. படகுல நான் இருக்கேன்ல, அதான் குதிக்கிறதில்ல.

நேத்துக்கூட நல்ல அலை. பசங்க ஒவ்வொருத்தனா ஏறி விழுறான். அவ கரையில நின்னு அலையவே பாத்துக்கிட்டு இருந்தா. பின்கை மட்டும் தானா நெஞ்சுக்கு வந்துச்சு, சும்மா காத்தைப் பிடிச்சு இழுக்குற மாதிரி. அப்புறம் படகப் பாத்தா. கையக் கீழ போட்டுட்டா. நான் இஞ்சின் கயிறப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், நிசமாச் சொல்றேன்.

அந்தா வர்றா பாருங்க. தோள்ல பாயோட. எந்திரிங்க, காத்தும் வந்துருச்சு, இந்தக் காது மடல்ல படுது. நான் இப்படியெல்லாம் சொன்னேன்னு அவகிட்டக் காட்டிக்காதீங்க.

"நான் வருவேன்டி, குதி"ன்னு ஒரு வார்த்தை நான் சொன்னாப் போதும், இன்னைக்கே குதிச்சுருவா. எனக்குத் தெரியும். சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா ஒரு வருசமா வாயத் தொறக்காம இருக்கிறவகிட்ட நான் எதுக்குத் தம்பி முதல்ல போய்ப் பேசணும்? முதல்ல அவ பேசட்டும்.